கடன் கேட்பது பேராசை அல்ல

கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி, முன்கட்டணம் வசூலித்து ஏமாற்றிய கும்பல் சிக்கியது என்று செய்தி வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. கும்பலுக்குத் தீர்ப்பு வர வருஷக்கணக்கில் ஆகும். ஏமாந்தவருக்கு அன்றைக்கே வந்துவிடும்: பேராசை பெருநஷ்டம். டீக்கடையில் பேப்பரை மடித்து வைப்பவர் சொல்கிறார். தொலைக்காட்சியில் வந்து உட்காரும் நிபுணர் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார். புகார் மனுவோடு போய் நின்றால், "இவ்வளவு சொல்லியும் நீங்க ஏன் சார் பணம் அனுப்புனீங்க?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

இந்தத் தீர்ப்பு தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, மோசடிக்காரனுக்கு அது ஒத்தாசையும் செய்கிறது என்பது என் கட்சி.

பேராசை என்ற சொல் பொருந்தும் இடங்கள் உண்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ₹2,438 கோடி வசூலித்ததாக ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது வழக்கு இருக்கிறது. அங்கே பணம் போட்டவர்களிடம் வேண்டுமானால் ஆசையைப் பற்றிப் பேசலாம். (அங்கும் நான் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவேன்.) கடன் கேட்டு ஏமாந்தவர் எந்த லாபத்துக்கு ஆசைப்பட்டார்? ஐம்பதாயிரம் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போடத் தயாராக நின்றவர் அவர். அவருக்கு முன்னால் இருந்த இன்னொரு வழி தண்டல். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். வருஷக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அதிலிருந்து தப்பித்து, கம்பெனிக் கடனாக, மாதத் தவணையாகக் கட்டலாம் என்று நினைப்பதற்குப் பெயர் பேராசை என்றால், சிக்கனம் என்ற சொல்லை எதற்கு வைத்திருக்கிறோம்?

சிபில் கெட்டவர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஆள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஊரடங்கில் வேலை போய் மூன்று தவணை பவுன்ஸ் ஆனவர் இருக்கிறார். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, மச்சான் கட்டாத கடனைத் தன் கடன் அறிக்கையில் சுமப்பவர் இருக்கிறார். கிரெடிட் கார்டு பாக்கியில் பாதியைக் கட்டி 'செட்டில்' செய்துவிட்டு, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தவர் இருக்கிறார். 'செட்டில்ட்' என்ற அந்தக் குறிப்பு, முழுதாகக் கட்டி முடித்ததற்குச் சமம் ஆகாது என்று வசூலுக்கு வந்தவர் அவரிடம் சொல்லவில்லை. பைக் கடனை ஒழுங்காக முடித்தும், கம்பெனி கணக்கை மூடிக் காட்டாததால் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. சிபில் ஸ்கோர் என்பது ஒருவருடைய கடன் வரலாற்றை வைத்து 300க்கும் 900க்கும் இடையே போடப்படும் ஓர் எண். அந்த எண் ஒருவருடைய யோக்கியதையைச் சொல்வதாக நம்பத் தொடங்கிவிட்டோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிகளுக்குப் பாவு பிணைக்கும் வேலை செய்கிறார். அவருக்கு வந்த கடிதத்தைக் கைபேசியில் காட்டினார். மேலே நாடறிந்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் முத்திரை, கீழே ஊதா நிறத்தில் வட்டச் சீல், நடுவில் தேவையே இல்லாமல் ஓர் அசோகச் சின்னம். இரண்டு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 36 மாதம், மாதத் தவணை ₹6,548. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் நாலைந்து எழுத்துப் பிழை. நம்முடைய வங்கிக் கடிதங்களைப் படித்துப் பழகியவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

பேசிய பெண் அவரை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறார். "உங்க ஃபைல் ஓகே ஆயிடுச்சுங்ண்ணா. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஃபைல் சார்ஜ் ரெண்டாயிரத்து நூத்தம்பது போட்டு உட்டீங்கன்னா நாளைக்குக் காசு ஏறிடும்." அதற்கு இவர் கேட்டதைக் கவனியுங்கள்: "ஏனுங்க மேடம், அதைப் புடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துடலாமுங்களே?" கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டிருக்கிறார். தண்டல்காரர்கூடப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார், கொடுப்பதற்கு முன்னால் கையை நீட்ட மாட்டார் என்பது அவருக்குப் பழகிய நியாயம். பதில் தயாராக இருந்தது. "சிபில் கம்மியா இருக்கறவங்களுக்கு சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் வராதுங்ண்ணா. உங்களுக்கு மட்டும் முன்னாடியே கட்டற மாதிரி வந்திருக்கு." கேள்வி கேட்கத் தெரியாத ஆள் என்று இவரைச் சொல்ல முடியாது. ஆனால் சிபில் என்ற சொல் வந்ததும் அடங்கிவிட்டார். இரண்டு வங்கிகள் அதே சொல்லைச் சொல்லித்தான் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன.

இங்கேதான் விழிப்புணர்வுச் சுவரொட்டி கைவிடுகிறது. "கடனுக்கு முன்பணம் கேட்டாலே மோசடி" என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையான நிறுவனங்கள் அப்படியா நடந்துகொள்கின்றன? வீட்டுக் கடனுக்குப் போய்ப் பாருங்கள். லாகின் ஃபீஸ் என்று மூவாயிரமோ ஐயாயிரமோ முதலிலேயே கட்டச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. வக்கீல் கருத்துக்கு ஒரு தொகை, சொத்து மதிப்பீட்டாளருக்கு ஒரு தொகை. கடன் கிடைக்காமல் போனால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. போதாததற்கு, "பேங்க்ல ஆள் இருக்கு" என்று சொல்லும் தரகருக்கு ஒரு பங்கு. காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று மறைமுகமாக அழுத்துவதும் நடக்கிறது. கடன் கைக்கு வருவதற்கு முன்னால் காசு போகத்தான் செய்யும் என்ற பழக்கத்தை ஊருக்கு ஏற்படுத்தியது மோசடிக் கும்பல் அல்ல. கும்பல் பழகிப்போன இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் கோடு தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டுக் கடன் நிச்சயம் என்று சொல்லிவிட்டு, கடன் கைக்கு வருமுன் கட்டணம் கேட்பதே அங்கே குற்றம். அவர்களுடைய வர்த்தக ஆணையம் 1995இல் கொண்டுவந்த தொலைவிற்பனை விதி அப்படிச் சொல்கிறது. அங்கேயும் ஏமாறுகிறார்கள், அது வேறு. ஆனால் ஏமாந்தவரிடம், "கட்டணம் கேட்டதே சட்டத்துக்கு விரோதம்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறது. நம் ஊரில் "கேட்பதுண்டு, ஆனால் இப்படிக் கேட்பதில்லை" என்று அரைமணி நேரம் விளக்க வேண்டியிருக்கிறது.

சரி, விளக்கிவிடுவோம். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் கட்டணத்தில் இல்லை, அது கேட்கப்படும் வரிசையில் இருக்கிறது. அசல் நிறுவனம் முதலில் உங்கள் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் துருவும், அலைக்கழிக்கும், அதற்குப் பிறகுதான் ஒப்புதல் தரும். போலி, ஒப்புதலை முதல் போனிலேயே தந்துவிடும். தனிநபர் கடனில் ப்ராசசிங் ஃபீஸை வழக்கமாகக் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடனானாலும் சிறுதொழில் கடனானாலும், முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுத்த பிறகுதான் ஒப்பந்தம் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி (ஆர்பிஐ) சொல்லியிருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதாவது தமிழில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ தவணை உள்ள கடனுக்கு, அறிக்கையைக் கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாள் யோசிக்க அவகாசம் இருக்க வேண்டும். "சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள" என்ற அவசரத்துக்கு அங்கே இடமே இல்லை.

இன்னொன்று, பணம் போகும் இடம். யுபிஐயில் பின் நம்பரைப் போடுவதற்கு முன்னால், பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். பாவு பிணைப்பவர் அனுப்பிய முதல் தொகை ஏதோ ஒரு மொபைல் கடையின் பெயருக்குப் போயிருக்கிறது, இரண்டாவது ஒரு தனி ஆளின் பெயருக்கு. கேட்டதற்கு, "அது எங்க கலெக்‌ஷன் ஏஜென்ட் அக்கவுண்டுங்ண்ணா" என்று பதில் வந்திருக்கிறது. அந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு அவருக்கும் தெரிகிறது. அழைப்பு எந்த எண்ணிலிருந்து வருகிறது என்பதும் ஒரு தடயம். சேவை அழைப்புக்கு 1600, விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண்களையே வங்கிகள் பயன்படுத்த வேண்டும் என்பது ஆர்பிஐயின் உத்தரவு. யாரோ ஒரு பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து பேசும் 'சீனியர் மேனேஜர்' யாருக்கும் மேனேஜர் இல்லை.

"முதல் தடவை ஏமாந்தார், சரி. திரும்பத் திரும்ப எப்படி அனுப்புவார்?" என்று கேட்பவர்களுக்கு அடுத்த கணக்கைக் காட்டுகிறேன். ஃபைல் சார்ஜ் ₹2,150. மறுநாள் காப்பீடு ₹5,800. அதற்கடுத்து ஜிஎஸ்டி ₹9,000. நாலாவதாக 'ஆர்பிஐ என்ஓசி' (தடையின்மைச் சான்று) என்று ₹12,500 கேட்டபோது அவர் கையை விட்டு ஏற்கெனவே ₹16,950 போயிருந்தது. இப்போது நிறுத்தினால் அந்தப் பணம் போனது போனதுதான். கட்டினால் இரண்டு லட்சம் வரும், காப்பீட்டுப் பணமும் 'ரீஃபண்ட்' ஆகும் என்கிறார்கள். மோட்டாரைச் சரிசெய்யவும் வழக்கு நடத்தவும் பாதி கட்டிய வீட்டை முடிக்கவும் நாமெல்லாரும் இதே கணக்கைத்தான் போடுகிறோம். போட்டது வீணாகக் கூடாது என்று மேலும் போடுகிறோம். இதற்குப் பேராசை என்று பெயர் வைத்தால் நம்மில் யாரும் தப்ப மாட்டோம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் பொய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடன் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. கடன் வட்டிக்கும் கிடையாது. ப்ராசசிங் ஃபீஸுக்கு மட்டும் 18 சதவீதம், அதையும் நிறுவனம்தான் பில் போட்டுப் பிடிக்கும். ஆர்பிஐ எந்தத் தனிநபரின் கடனுக்கும் என்ஓசி தருவதில்லை, தனிநபர்களுக்குக் கணக்கு வைத்திருப்பதும் இல்லை. அரசுப் பெயரைச் சொல்லி வரும் கடிதங்களும் இதே ரகம். ₹4,500 சரிபார்ப்புக் கட்டணம் கட்டினால் பத்து லட்சம் முத்ரா கடன் என்று ஒரு கடிதம் சுற்றியது, அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பிரிவே அறிவித்தது. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் கடன் தருவது வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். முத்ரா நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் தருவதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் வரையிலான முன்னுரிமைத் துறைக் கடன்களுக்கு வங்கிகள் கடன் சார்ந்த கட்டணமே வாங்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. பெட்டிக்கடை வைக்க ஐம்பதாயிரம் கேட்டு வருபவருக்கு இதை எடுத்துச் சொல்லும் கிளையை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

மோசடிக்குத் தீனி போடும் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. சிபில் போனால் எல்லாம் போச்சு, இனி எந்த வாசலும் திறக்காது என்பது. வங்கி ஊழியர் கையை விரிக்கும் விதமும் அப்படித்தான் இருக்கிறது. கடன் மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஆர்பிஐ வங்கிகளுக்கு வகுத்த நியாய நடைமுறை நெறி. கவுண்டரில் கிடைப்பதோ "சிபில் வரல சார்" என்ற மூன்று சொல். எந்தக் கடன், எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் வெளியே வருபவரின் கையில் அடுத்த அரைமணியில் 'சிபில் இல்லாமல் கடன்' என்ற குறுஞ்செய்தி இருக்கிறது. மறுப்பை ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் செய்திக்கு அவ்வளவு மவுசு இருந்திருக்காது.

தன் கடன் அறிக்கையை அவரே பார்க்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். அதில் தவறு இருந்தால் புகார் செய்வதற்கும் காசு இல்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு. அதற்கும் மசியவில்லை என்றால் ஆர்பிஐ குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 2022 செப்டம்பர் முதல் இந்த நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. கடன் வரலாறே இல்லாதவரை அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ஆர்பிஐ சொல்லியிருக்கிறது, 2025இல் நிதியமைச்சகம் நாடாளுமன்றத்திலும் அதையே சொன்னது. அறிக்கையில் உள்ள பாக்கி உண்மையானது என்றால் அதை யாராலும் அழிக்க முடியாது. ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று ஐயாயிரம் கேட்பவரும் முன்கட்டண மோசடியின் பங்காளிதான். பாக்கியைக் கட்டி, 'செட்டில்' ஆக்காமல் முழுதாக முடித்து, என்ஓசி வாங்கி, சில மாதம் தவணை தவறாமல் நடந்தால் எண் மெதுவாக ஏறும். அதற்குள் அவசரம் என்றால் நகைக்கடன் இருக்கிறது, அங்கே ஸ்கோரைவிடக் கழுத்தில் கிடப்பதுதான் பேசும். கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. நகையும் இல்லை, குழுவும் இல்லை என்பவர்களுக்கு என்னிடம் இனிப்பான பதில் கிடையாது. அவர்களைத்தான் இந்தக் கும்பல் தேடிப் பிடிக்கிறது.

பழி சொல்வதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பாவு பிணைப்பவர் தன் மனைவியிடம் சொல்லவே வாரக்கணக்கில் ஆயிற்று. சொன்னால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும், நாம்தான் அந்தப் பதிலை ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறோமே. 1930 என்ற உதவி எண்ணுக்குப் பணம் போன கையோடு கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பணம் நாலைந்து வாடகைக் கணக்குகள் வழியாகப் போய் ஏடிஎம்மில் வெளியேறிவிடும். ஏமாந்தவரின் கூச்சமே கும்பலுக்குக் கிடைக்கும் அவகாசம். பணம் மட்டும் போகவில்லை, ஆதார், பான், கையெழுத்திட்ட செக், முகம் தெரியும் புகைப்படம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அவர் பெயரில் வேறெங்காவது கடனுக்கு விண்ணப்பம் போனதா என்று அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அறிவுரை மட்டும் நிறையக் கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு போன் வந்ததாம், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு ஒரு சிறு கட்டணம் என்று.

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. எல்லாப் பழியையும் வங்கி மீதும் அமைப்பு மீதும் போட்டால், ஆள் தன் அறிவைப் பயன்படுத்த வேண்டாமா? வேண்டும். திரையில் மொபைல் கடையின் பெயர் வந்தபோது அவர் நின்றிருக்க வேண்டும், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கவனக்குறைவு வேறு, பேராசை வேறு. கவனக்குறைவுக்கு வழி காட்டலாம். பேராசை என்று முத்திரை குத்திவிட்டால் வழி காட்டும் வேலை நமக்கு மிச்சம். அந்தச் சொல் இவ்வளவு செல்வாக்கோடு புழங்குவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

வேலை யாருக்கு இருக்கிறது என்றால், முதலில் கடன் தரும் நிறுவனங்களுக்கு. லாகின் ஃபீஸ், ஃபைல் சார்ஜ், மதிப்பீட்டுச் செலவு எதுவானாலும் கடன் தொகையில் பிடித்துக்கொள்ளட்டும், முன்னால் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்று ஆர்பிஐ ஓர் உத்தரவு போடலாம். அப்படிப் போட்டால் சுவரொட்டியில் உள்ள வாசகம் உண்மையாகிவிடும், ஈரோட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு "சிஸ்டத்துல ஆப்ஷன் வராது" என்று எவளும் எவனும் பதில் சொல்ல முடியாது. கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் சொல்லும். இருபது லட்சம் கடனில் ஐயாயிரத்தைக் கழித்துக்கொள்வதால் எந்த நிறுவனமும் முழுகாது. கடன் மறுக்கப்பட்டவரிடம் வாங்கிய ஐயாயிரம் கையை விட்டுப் போகுமே என்பதுதான் தயக்கம் என்றால், அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். பேராசை யாருக்கு என்று அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.